உங்கள் மாமாவுக்கு ஏறப்போகும் மருந்தே கடல் வழி வந்ததுதான்

கேட்கப்பட்ட கேள்வி இது. மாமாவுக்கு 54 வயது. ஏ.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்று உறுதியாகியிருக்கிறது. "7+3" என்ற கீமோ தொடங்கப் போகிறார்கள். இதற்கிடையில் கடல் உயிரினங்களிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. அதில் சொல்லும் கடல்பாசி கேப்ஸ்யூலை வாங்கிக் கொடுக்கலாமா, அதைப் பார்த்துவிட்டுக் கீமோவை முடிவு செய்யலாமா?

முதலில், இதற்காகக் கீமோவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஏ.எம்.எல். வாரக்கணக்கில் முற்றிவிடும் நோய். கடலிலிருந்து மருந்து என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது புதுச் செய்தி இல்லை. அந்த வழியில் வந்த முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1969-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. பெயர் சைட்டராபின். 7+3-ல் இருக்கும் 7 அதுதான். ஏழு நாள் விடாமல் சைட்டராபின் டிரிப்பில் ஏறும், அதில் மூன்று நாள் டானோரூபிசின் போன்ற இன்னொரு மருந்தும் சேரும். மருந்தியல் படித்து, புற்றுநோய் மருந்துகளோடு பல வருடமாகப் புழங்குகிறவன் நான். சைட்டராபின் எப்படி வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தாலே கேப்ஸ்யூல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வெர்னர் பெர்க்மன் என்ற வேதியியலாளர் கடற்பஞ்சுகளை (கடலடியில் ஒட்டி வாழும் எளிய பிராணிகள்) ஆராய்ந்துகொண்டிருந்தார். 1945-ல் ஃபுளோரிடா கரையோரம் எலியட் கீ தீவுப் பக்கம் எடுத்த ஒரு கடற்பஞ்சை உலர்த்தி, அசிட்டோனில் கொதிக்கவைத்தபோது எதிர்பாராத படிகங்கள் கிடைத்தன. அவரும் ராபர்ட் ஃபீனியும் 1950, 51-ல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரு சர்க்கரையும் 'பேஸ்' என்ற பகுதியும் சேர்ந்த மூலக்கூறுகளே நியூக்ளியோசைடுகள்; டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் அவற்றால்தான் கட்டப்படுகின்றன. அது அவற்றைப் போலவே இருந்தது. ஒன்றுதான் வேறு. வழக்கமான ரைபோஸ் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் அராபினோஸ் என்ற சர்க்கரை இருந்தது. ஒரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி மேலும் கீழும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்பாஞ்சோதைமிடின், ஸ்பாஞ்சோயூரிடின் என்று பெயர் வைத்தார்கள்.

இவை நேரடியாக மருந்தாகவில்லை. ஆனால் சர்க்கரையை மாற்றினாலும் உயிருள்ள செல் இதைத் தன்னுடைய பொருளாக நினைத்து எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற யோசனையை வேதியியலாளர்களுக்கு இவைதான் கொடுத்தன. அதுவரை நியூக்ளியோசைடில் கைவைக்கிறவர்கள் பெரும்பாலும் பேஸ் பகுதியைத்தான் மாற்றிப் பார்த்தார்கள். 1959-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வால்விக், ராபர்ட்ஸ், டெக்கர் மூவரும் அராபினோஸோடு சைட்டோசின் என்ற பேஸைச் சேர்த்து ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறு செய்தார்கள். அதுதான் சைட்டராபின். ஆக, இந்த மருந்து கடற்பஞ்சைப் பிழிந்து எடுத்தது கிடையாது. கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது அதன் வடிவத்துக்கான யோசனை.

இது எப்படிக் கொல்கிறது? லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் செல் ஓயாமல் பெருகுகிறது. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அது டி.என்.ஏ.வைப் புதிதாக நகலெடுக்க வேண்டும். சைட்டராபினை செல் உள்ளே இழுத்து, மூன்று பாஸ்பேட்டுகளை மாட்டி, தன் சொந்தச் சரக்கு என்று நம்பி டி.என்.ஏ. இழையில் கோர்த்துவிடுகிறது. மாலை கட்டும்போது துளை கோணலான ஒரு மணி நடுவில் வந்துவிட்டால் அடுத்த மணி ஏறாமல் திணறுவது போல, நகலெடுக்கும் நொதி அங்கே சிக்கிக்கொள்கிறது. நகல் நின்றால் செல் சாகிறது. முக்கியமான விஷயம், நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லை மட்டும்தான் இது பிடிக்கும். அந்த நேரத்தில் சும்மா இருக்கும் செல் தப்பித்துவிடும்.

ஏழு நாள் விடாமல் ஏற்றுவது அதனால்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. ரத்தத்திலும் கல்லீரலிலும் இருக்கும் சைட்டிடின் டிஅமினேஸ் என்ற நொதி சைட்டராபினைக் கண்டதும் மாற்றிப் போட்டுவிடும். ஏற்றிய மருந்தின் பெரும்பகுதி ஒரு நாளைக்குள் சிறுநீரில் வெளியேறுகிறது, அதில் சுமார் 90 சதவீதம் வேலைக்கு ஆகாத அரா-யூ என்ற பொருளாகத்தான் போகிறது. இந்த அரா-யூ என்ன தெரியுமா? பெர்க்மன் கடற்பஞ்சில் பார்த்த அதே ஸ்பாஞ்சோயூரிடின். கடற்பஞ்சு வைத்திருந்த பொருள், நம் உடம்பு மருந்தை முறித்த பிறகு மிஞ்சும் சக்கை. மருந்தியலில் எனக்கு இதைவிடப் பிடித்த தகவல் இல்லை. கடல் உயிரினத்தை அப்படியே சாப்பிட்டால் அதிலிருக்கும் மருந்து உடம்பில் சேரும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் பிசகும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியும் இல்லை. வாய்வழியாகக் கொடுத்தால் சைட்டராபினே பெரும்பாலும் குடலிலும் கல்லீரலிலும் கெட்டுப்போய்விடும். அதனால்தான் மாத்திரையாக இல்லாமல் ஊசியாக வருகிறது.

50 வருடம் ஆகியும் இந்த மருந்து அதன் இடத்தை விடவில்லை. 7+3 என்ற கூட்டு 1973 வாக்கில் நிலைபெற்றது. 60 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்கு நோய் முதல் கட்டமாக அடங்குகிறது. அடங்குவது வேறு, குணமாவது வேறு. மிச்சமிருக்கும் செல்களை ஒழிக்க அடுத்தடுத்த சுற்றுகளோ, எலும்பு மஜ்ஜை மாற்றோ வேண்டியிருக்கும். அது மரபணுச் சோதனை முடிவைப் பொறுத்தது. வயதானவர்களுக்கும் உடம்பு தாங்காதவர்களுக்கும் இப்போது வெனிடோகிளாக்ஸ், அசாசிடிடின் கூட்டைக் கொடுக்கிறார்கள். இவை கடலோடு சம்பந்தமில்லாதவை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சைட்டராபின் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் நம் நாட்டில் ஜெனரிக்காகவே கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் கொடுப்பதும் இதே மூலக்கூறுதான். விலை குறைவாக இருக்கிறதே, பழசாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம்.

இந்தக் குடும்பம் பெரியது. அதே அராபினோஸ் சர்க்கரையோடு அடினைன் என்ற பேஸைச் சேர்த்து, ஒரு ஃபுளோரின் அணுவைப் பொருத்தியதுதான் ஃபுளுடாரபின். நாள்பட்ட லிம்ஃபோசைட் லுகேமியாவுக்காக 1991-ல் வந்தது. இன்று எல்லோரும் பேசும் கார்-டி சிகிச்சையில், நோயாளியின் மாற்றியமைத்த நோய் எதிர்ப்பு செல்களை ஏற்றுவதற்கு முன் உடம்பைத் தயார் செய்ய இதைத்தான் சைக்ளோபாஸ்பமைடோடு கொடுக்கிறார்கள். டி-செல் லுகேமியாவுக்கு 2005-ல் அனுமதி பெற்ற நெலாரபினும் இதே வழிதான். சைட்டராபினையும் டானோரூபிசினையும் 5-க்கு 1 என்ற விகிதத்தில் நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் அடைத்து, சி.பி.எக்ஸ்-351 என்று 2017-ல் கொண்டுவந்தார்கள். முந்தைய கீமோவால் வந்த ஏ.எம்.எல். போன்ற கடினமான வகைகளில், 60 முதல் 75 வயது நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சராசரி ஆயுள் 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமானது. புதிய மூலக்கூறு எதுவும் அதில் இல்லை. பழைய மருந்துகள் இரண்டும் செல்லுக்குச் சரியான விகிதத்தில் சேர்ந்து போய்ச் சேர்ந்தன, அவ்வளவே.

அடுத்தது கடல் முயல். ஓடில்லாத நத்தை போன்ற மெத்தென்ற பிராணி, தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்டம். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ராபர்ட் பெட்டிட் குழு 1972-ல் மொரீஷியஸ் கடலிலிருந்து டோலபெல்லா ஆரிகுலேரியா என்ற இனத்தைச் சேகரித்தது. அதன் சாறு எலிகளின் லுகேமியாவைத் தடுத்தது. எந்தப் பொருள் அதைச் செய்கிறது என்று பிரித்தெடுத்து வடிவத்தைச் சொல்ல 1987 ஆகிவிட்டது. 15 வருடம்! டன் கணக்கில் பிராணியைக் கரைத்தாலும் மில்லிகிராம் கணக்கில்தான் பொருள் கிடைத்தது. டோலஸ்டாடின் 10 என்று பெயரிட்டார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை இது கட்டவிடாமல் செய்கிறது, அதுவும் மிகமிகக் குறைந்த அளவிலேயே.

மனிதர்களுக்குக் கொடுத்தபோது? தோல்வி. தாங்கக்கூடிய அளவில் கொடுத்தால் கட்டி அசையவில்லை, அளவைக் கூட்டினால் நரம்பும் ரத்த அணுக்களும் தாங்கவில்லை. 1990-களின் ஆய்வுகள் அப்படியே முடிந்தன. பல நல்ல மூலக்கூறுகள் இந்தக் கட்டத்தில்தான் அலமாரிக்குப் போய்விடும்.

இதைக் காப்பாற்றியது ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கை மட்டும் தேடி ஒட்டும் புரதம். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயின் செல்களின் மேல் சி.டி.30 என்ற புரதம் நிறைய இருக்கும், உடம்பின் மற்ற செல்களில் பெரும்பாலும் இருக்காது. சி.டி.30-ஐ மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஏற்கெனவே செய்திருந்தார்கள். ஆனால் அது போய் ஒட்டிக்கொண்டதே தவிர, ஹாட்ஜ்கினில் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. சியாட்டில் ஜெனெடிக்ஸ் நிறுவனத்தார் டோலஸ்டாடினின் வடிவத்தை ஒட்டி எம்.எம்.ஏ.இ. என்ற செயற்கைப் பொருளைச் செய்து, அதை அந்த ஆன்டிபாடியோடு ஒரு இணைப்பால் கட்டினார்கள். சராசரியாக ஒரு ஆன்டிபாடியில் நான்கு மூலக்கூறு. ரத்தத்தில் இருக்கும்வரை இணைப்பு பிரியாது. புற்றுநோய் செல் அதை விழுங்கி, உள்ளே இருக்கும் கேதெப்சின் நொதி இணைப்பை அறுத்த பிறகுதான் விஷம் விடுபடும். தனித்தனியே தோற்ற இரண்டும் சேர்ந்து பிரெண்டுக்சிமாப் வெடோடின் ஆனது, சந்தைப் பெயர் அட்செட்ரிஸ்.

ஆகஸ்ட் 2011-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சொந்த ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகும் நோய் திரும்பிய, வேறு வழி அதிகமில்லாத 102 பேரில் 75 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது, 34 சதவீதம் பேருக்கு முழுவதுமாக மறைந்தது. பிறகு இதை முதல் சிகிச்சைக்கே கொண்டுவந்தார்கள். முற்றிய நிலை ஹாட்ஜ்கினில் 1,334 பேரிடம் நடந்த எஷெலான்-1 ஆய்வில், 6 வருட முடிவில் பழைய ஏ.பி.வி.டி. என்ற நான்கு மருந்துக் கூட்டில் 89.4 சதவீதம் பேரும், அதிலிருக்கும் பிளியோமைசினுக்குப் பதில் இதைச் சேர்த்த கூட்டில் 93.9 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலும் இளவயதினரைத் தாக்கும் நோய் இது. அந்த நாலரை சதவீதம் மிகப் பெரிய விஷயம். ஆனால் போட்டி நின்றுவிடவில்லை. 2024-ல் வெளியான ஆய்வில், இதன் இடத்தில் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு 2 வருடம் நோய் தலைதூக்கவில்லை. கடல் முயல் வழி மருந்தை வாங்கியவர்களில் அது 83 சதவீதம். கடலிலிருந்து வந்தது என்பதற்காக எந்த மருந்துக்கும் தனி மரியாதை கிடையாது, ஆய்வில் ஜெயிக்க வேண்டும்.

இந்த மருந்தின் குறை கை கால் மரத்துப்போவது. நுண்குழாய்கள் நரம்புக்குள்ளும் இருப்பதால் விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறும். விலையும் பெரிய தடை. நம் ஊரில் ஒரு சுற்றுக்கே லட்சக்கணக்கில் ஆகிறது, இதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அதே எம்.எம்.ஏ.இ.யை பி-செல்களின் மேல் இருக்கும் சி.டி.79பி-யைத் தேடும் ஆன்டிபாடியில் கட்டியது பொலாடுசுமாப் வெடோடின், பெரிய பி-செல் லிம்ஃபோமாவுக்கு. முதல் சிகிச்சையாக இதைப் பழைய கூட்டோடு ஒப்பிட்ட 879 பேர் ஆய்வில் 2 வருடம் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 70.2-லிருந்து 76.7 சதவீதமானார்கள். ஆனால் மொத்த ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவுக்கு, இதே டோலஸ்டாடின் வழியில் வந்த பெலன்டமாப் மஃபோடோட்டின் இன்னும் மேடு பள்ளம் கண்டது. 2020-ல் அமெரிக்க அனுமதி, 2022-ல் உறுதிப்படுத்தும் ஆய்வு தோற்று வாபஸ், கூட்டு மருந்தாகப் பரிசோதித்த புது ஆய்வுகள் நன்றாக வந்ததும் 2025-ல் மறுபடி அனுமதி. கண்ணின் கருவிழியைப் பாதிப்பதால் ஒவ்வொரு முறையும் கண் பரிசோதனை செய்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

தோற்றவையும் கரை ஏறாதவையும் உண்டு, வீடியோக்கள் அவற்றைச் சொல்வதில்லை. ஸ்பெயினின் இபிசா தீவுப் பக்கம், பாறையில் ஒட்டி நீரைப் பீச்சும் ஒரு உயிரினத்திலிருந்து வந்தது பிளிடிடெப்சின். மைலோமாவில் 255 பேரிடம் சோதித்தபோது நோய் முன்னேறாத காலம் 1.7 மாதத்திலிருந்து 2.6 மாதமானது. ஆஸ்திரேலியா 2018-ல் அனுமதித்தது, ஐரோப்பிய நிபுணர் குழு மறுத்தது, பிறகு வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. பஹாமாஸ் கடலடி மண்ணில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் ஃபெனிகலும் ஜென்சனும் கண்டெடுத்த சாலினிஸ்போரா பாக்டீரியாவிலிருந்து வந்தது மரிசோமிப். மைலோமா செல் தன் குப்பைப் புரதங்களை அழிக்கப் பயன்படுத்தும் புரோட்டியசோமை நிரந்தரமாகப் பூட்டிவிடும். மைலோமாவில் சில பேருக்கு வேலை செய்தும் அனுமதி வரை போகவில்லை. மூளைக்குள் போகும் என்பதால் மூளைக் கட்டியில் பெரிதாகச் சோதித்தார்கள், அங்கும் ஆயுள் கூடவில்லை. கப்பலடியில் படரும் புகுலா நெரிடினா என்ற கடற்பிராணியிலிருந்து வந்தது பிரையோஸ்டாடின் 1. ஆய்வுகளுக்காக 13 டன் சேகரித்து 18 கிராம் எடுத்தார்கள். லுகேமியாவிலும் லிம்ஃபோமாவிலும் தனி மருந்தாக அது தேறவில்லை, தாங்க முடியாத தசை வலியைத் தந்ததுதான் மிச்சம்.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது, பாதி நேரம் அந்தப் பிராணி பொருளைச் செய்வதே இல்லை என்பது. 2001-ல் பலாவ் தீவில் எடுத்த சிம்ப்ளோகா என்ற சயனோபாக்டீரியாவிலேயே டோலஸ்டாடின் 10 கிடைத்தது. கடல் முயல் அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. பிரையோஸ்டாடினையும் புகுலாவுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாதான் செய்கிறது. ஓடவும் முடியாமல் ஓடும் இல்லாமல் இருக்கும் உயிர்களுக்கு வேதிப்பொருள்தான் பாதுகாப்பு, அதற்கு நுண்ணுயிர்களை நம்பி வாழ்கின்றன. ஆராய்ச்சிக்கு இது பெரிய நிம்மதி. பவளத்திட்டைச் சுரண்டி டன் கணக்கில் அள்ள வேண்டாம், பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்க்கலாம். மரிசோமிப்பை ஆய்வுகளுக்கு அப்படித்தான், உப்பு நீர்க் கரைசலில் நொதிக்கவைத்துத் தயாரித்தார்கள்.

சரி, கேப்ஸ்யூலுக்கு வருவோம். கடைகளில் விற்பவை பெரும்பாலும் பழுப்புக் கடல்பாசியின் ஃபியூகாய்டன். ஆய்வகத் தட்டில் லுகேமியா செல்களை இது கொல்வதாகக் கட்டுரைகள் இருக்கின்றன, பொய் இல்லை. தட்டில் ஊற்றும் அளவு வேறு, விழுங்கியது குடலைத் தாண்டி ரத்தத்துக்கு வரும் அளவு வேறு. ரத்தப் புற்றுநோய் நோயாளிகளின் ஆயுளை இது கூட்டியதாகக் காட்டும் தரமான ஆய்வு எதுவும் கிடையாது. ஆபத்தும் உண்டு. ஃபியூகாய்டன் ஓரளவு ஹெப்பாரின் என்ற மருந்து மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும். கீமோவில் உங்கள் மாமாவின் பிளேட்லெட் ஏற்கெனவே பாதாளத்துக்குப் போகும். அந்த நேரத்தில் இது உள்ளே போனால் மூளையிலோ வயிற்றிலோ ரத்தக் கசிவு வரலாம். கடல் அட்டைப் பொடி என்று யாராவது தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மன்னார் வளைகுடா உட்பட நம் கடல் முழுவதிலும் கடல் அட்டை பிடிப்பது சட்டப்படி குற்றம், உள்ளே என்ன கலந்திருக்கிறது என்றும் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டமாட்டார்கள்.

மீன் சாப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நன்றாக வெந்த மீன் தாராளமாக. வெள்ளை அணு குறைந்திருக்கும் நாட்களில் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ கடல் உணவு கூடவே கூடாது, சிப்பி வகைகளில் இருக்கும் விப்ரியோ பாக்டீரியா அந்த நிலையில் உயிரையே எடுக்கும்.

முதல் சுற்றில் நோய் அடங்கினால், அடுத்த கட்டத்தில் சைட்டராபினை உயர் அளவில், கிராம் கணக்கில் கொடுப்பார்கள். அப்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று கண். மருந்து கண்ணீரிலும் வருவதால் கண் சிவந்து எரியும், அதைத் தடுக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதுவார்கள். அதை ஒரு வேளையும் விடாமல் போட்டுவிடுங்கள். இன்னொன்று சிறுமூளை. வயது கூடினாலும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் இந்தப் பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு டோஸுக்கு முன்னும் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லியோ மூக்கைத் தொடச் சொல்லியோ நர்ஸ் பார்ப்பார். பக்கத்தில் இருக்கும் உங்களுக்குத்தான் அது முதலில் தெரியும். பேச்சு குழறினாலோ, கையெழுத்து கோணினாலோ, பாத்ரூம் போகும்போது நடை தள்ளாடினாலோ, அடுத்த டோஸ் ஏறுவதற்கு முன்பே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்.